வீட்டில் சிறு பிள்ளைக்கு ஜெப வாழ்வைப் பழக்குதல்: இரண்டு வயது முதல் ஏழு வயது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஓய்வுநாள் பள்ளியில் சிறு பிள்ளைகளின் வகுப்பை எடுத்துவரும் எனக்கு, இளம் பெற்றோர் ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில் தடுமாறுவது தெரிகிறது. பிள்ளைக்கு வாய் திறந்ததும் வசனத்தை மனப்பாடம் செய்விக்கிறார்கள். அடுத்துக் கர்த்தருடைய ஜெபத்தை முழுவதுமாக ஒப்பிக்க வைக்கிறார்கள். பிள்ளை தன் சொந்த வார்த்தையில் ஜெபிப்பது தானாக வந்துவிடும் என்று காத்திருக்கிறார்கள். அது வருவதில்லை. வரிசையை மாற்றினால் வருகிறது. முதலில் பெரியவரின் ஜெபம் பிள்ளையின் காதில் விழவேண்டும், பின்பு பிள்ளையின் சொந்த நன்றி, அதற்குப்பின் கதை, அதற்குப்பின் சபையின் பொது ஜெபமாகிய கர்த்தருடைய ஜெபம், கடைசியாகவே மனப்பாட வசனம்.

இந்த வழிகாட்டி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபைகளின் வீட்டு வழக்கத்தையும், பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தின் வசனங்களையும் வைத்து எழுதப்பட்டது. கத்தோலிக்க வீட்டார் தங்கள் செபங்களை அந்தந்த இடத்தில் வைத்துக்கொண்டால் இதே வரிசை அவர்களுக்கும் பொருந்தும்.

1. தொடங்கும் முன் பெரியவர்கள் பேசி முடிக்கவேண்டியவை

பிள்ளையை உட்கார வைப்பதற்கு முன்பே தாயும் தகப்பனும், வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களும், மூன்று காரியங்களில் ஒருமனப்படவேண்டும்: எந்த நேரம், எவ்வளவு நேரம், யார் நடத்துவது. இதில் இசைவு இல்லாத வீட்டில் குடும்ப ஜெபம் ஒருவருடைய பிடிவாதமாகவும் மற்றவருடைய சலிப்பாகவும் மாறிவிடுகிறது. அந்தச் சலிப்பைப் பிள்ளை எல்லாருக்கும் முன்பாகவே கண்டுகொள்ளும்.

நான்காவதாக ஒன்றையும் பேசிவிடுங்கள். "சேட்டை பண்ணினா சாமி கண்ணைக் குத்தும்" என்ற மிரட்டலை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. "இயேசப்பாவுக்குப் பிடிக்காது, அடிப்பாரு" என்பதும் அதே வகைதான். பகலில் கண்ணைக் குத்துகிறவராக அறிமுகமானவரிடம் இரவில் மனம் திறந்து பேசு என்றால் எந்தப் பிள்ளையும் பேசாது. பாட்டி அதை வழக்கமாகச் சொல்லுகிறவராக இருந்தால், பிள்ளையின் முன் திருத்தாமல் தனியாக உட்கார்ந்து, "அம்மா, நீங்க இயேசப்பா நல்லவருன்னு சொன்னா அவன் உங்க வார்த்தையத்தான் நம்புவான்" என்று சொல்லிப் பாருங்கள். அவரையே நல்ல கதை சொல்லியாக ஆக்கிவிடலாம்.

தேவையான பொருட்கள் மிகக் குறைவு: ஒரு பாய், பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று, படங்களுள்ள பிள்ளைகள் வேதாகமம் ஒன்று, கோடு போடாத ஒரு நோட்டு, சில வண்ணப் பென்சில்கள். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். அசைபடக் கதைகளைக் கைப்பேசியில் காட்டுவது எளிதுதான், ஆனால் அதைப் பார்க்கும் பிள்ளை திரையைப் பார்க்கிறதே தவிர உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. இந்த வயதில் விசுவாசம் முகத்திலிருந்துதான் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது.

2. நேரத்தைக் குறிப்பது

பிள்ளை ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு காரியத்தோடு ஜெபத்தை இணைத்துவிடவேண்டும். கடிகார நேரத்தைக் குறித்தால் மின்வெட்டு, விருந்தாளி, தாமதமாக வரும் பேருந்து எல்லாம் அதைக் கலைக்கும். இராச் சாப்பாடு முடிந்து, பல் துலக்கி, பாயை விரித்தபின் ஜெபம் என்று வைத்தால், பாயை விரித்ததும் பிள்ளையே வந்து உட்காரும்.

உபாகமம் 6:7 பிள்ளைகளுக்குப் போதிக்கவேண்டிய சமயங்களை நான்காகச் சொல்லுகிறது: "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்." நான்கையும் ஒரே மாதத்தில் தொடங்குவது தவறு. முதலில் படுக்கும் நேரம் மட்டும். அது நிலைத்தபின் எழும் நேரத்தில் ஒற்றை வரி. சாப்பாட்டுக்கு முந்திய ஜெபம் அதற்கும் பிறகு வரலாம்.

கால அளவு இரண்டு, மூன்று வயதுக்கு இரண்டே நிமிடம்; ஐந்து வயதுக்கு ஐந்து நிமிடம்; ஏழு வயதில் கதையோடு சேர்த்துப் பத்து நிமிடம் போதும். பிள்ளை சலிக்கும் முன்பே முடித்துவிடவேண்டும் என்பதே அளவுகோல். இரவு ஒன்பதரைக்கு எல்லாரும் வீடு சேர்ந்தபின், மூன்று பாட்டும் ஒரு முழுச் சங்கீதமும் நீண்ட ஜெபமுமாக நடத்தப்படும் குடும்ப ஜெபத்தில் சிறு பிள்ளை தூங்கி விழுவது கீழ்ப்படியாமை அல்ல. அந்த ஜெபம் பெரியவர்களுக்கு நடக்கட்டும். பிள்ளையின் ஜெபத்தை அதற்கு முன்பே தனியாக முடித்துவிடுங்கள்.

3. பெரியவர் ஜெபிப்பதைப் பிள்ளை கேட்கவேண்டும்

முதல் சில வாரங்களுக்குப் பிள்ளையிடம் எதையும் கேட்காதீர்கள். பிள்ளையை மடியிலோ பக்கத்திலோ வைத்துக்கொண்டு நீங்கள் சத்தமாக, சாதாரணப் பேச்சில், மூன்று நான்கு வாக்கியம் ஜெபியுங்கள். "இயேசப்பா, இன்னைக்கு ஆச்சிக்குக் காய்ச்சல் விட்டதுக்கு ஸ்தோத்திரம். எனக்கு நாளைக்கு ஆபீஸ்ல ஒரு கஷ்டமான வேலை இருக்கு, கூட இருங்க. பாப்பா நல்லாத் தூங்கட்டும். ஆமென்." இவ்வளவு போதும்.

இதற்குக் காரணம் உண்டு. பேசக் கற்கும் பிள்ளை பேச்சைக் கேட்டே கற்கிறது. யாரும் அதற்கு முதலில் இலக்கணம் சொல்லிக்கொடுப்பதில்லை. ஜெபமும் பேச்சு என்பதால் அதற்கும் இதுவே வழி. ஆலயத்தில் போதகர் ஜெபிக்கும் நடையில், "கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே" என்று தொடங்கிப் பத்து அடைமொழிகளை அடுக்கினால், இது தன்னால் முடியாத பெரியவர்களின் மொழி என்று பிள்ளை ஒதுங்கிக்கொள்ளும்.

உங்கள் சொந்தப் பயத்தையும் தேவையையும் ஒரு வரியாவது சொல்லுங்கள். அப்பாவுக்கும் உதவி கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதைப் பிள்ளை அறிந்துகொள்வது, நூறு போதனைக்கு மேலான போதனை. ஆனால் கடன் தொல்லை, மாமியார் வீட்டுச் சண்டை போன்ற பாரங்களைப் பிள்ளையின் காதுபட ஜெபத்தில் கொட்டாதீர்கள். பிள்ளையைக் கண்டிக்கும் வழியாகவும் ஜெபத்தைப் பயன்படுத்தாதீர்கள். "ஆண்டவரே, இவன் இன்னைக்குத் தங்கச்சியை அடிச்சான், இவனுக்கு நல்ல புத்தி கொடும்" என்பது பிள்ளையின் காதில் புகாராகவே விழுகிறது.

இந்தக் கட்டத்தில் பிள்ளைக்கு ஒரே ஒரு பங்கு: முடிவில் "ஆமென்" என்று சேர்ந்து சொல்வது. இரண்டு வயதுப் பிள்ளை அதை மிகுந்த உற்சாகத்தோடு சொல்லும். கண் மூடவில்லை, கை கூப்பவில்லை என்று திருத்தவேண்டாம். நீங்கள் செய்வதைப் பார்த்துச் சில மாதங்களில் அதுவே செய்யும்.

4. பிள்ளையின் முதல் ஜெபம்: ஒரே ஒரு நன்றி

மூன்று வயதை ஒட்டி, உங்கள் ஜெபத்துக்கு முன் ஒரு கேள்வியைச் சேருங்கள்: "இன்னைக்கு உனக்குப் பிடிச்சது என்ன?" பதில் எதுவானாலும் அதையே ஜெபமாக்குங்கள். "பூனைக்குட்டி" என்றால், "இயேசப்பா, பூனைக்குட்டிக்காக ஸ்தோத்திரம்." நாலைந்து நாட்களுக்கு நீங்கள் சொல்லுங்கள், பின்பு, "நீயே சொல்றியா?" என்று கேளுங்கள். மறுத்தால் விட்டுவிட்டு நீங்களே சொல்லி முடியுங்கள்.

வகுப்பில் ஒரு நாள் நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, "இயேசப்பா, இன்னைக்குப் பால்ல ஆடை இல்ல, ஸ்தோத்திரம்" என்று ஜெபித்தாள். பின்னால் நின்ற பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள்; அதற்குப்பின் நெடுநாள் அவள் வாயைத் திறக்கவில்லை. பாலின் ஆடை அவளுக்கு அன்றைய நாளின் பெரிய காரியம். அதைத் தேவனிடம் சொல்லலாம் என்று அவள் நினைத்ததுதான் நாம் வளர்க்க விரும்பும் விசுவாசத்தின் முளை. ஆகவே சிரிக்காமலும், திருத்தாமலும், "இதை விட நல்லதா ஒண்ணு சொல்லு" என்று கேட்காமலும், "ஆமென்" என்று சேர்ந்து சொல்லுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன் நன்றி வரவேண்டும். விண்ணப்பத்தில் தொடங்கிய பிள்ளைக்கு ஜெபம் பொம்மையும் சைக்கிளும் கேட்கும் பட்டியலாகிவிடுகிறது. கேட்டது வராவிட்டால் அதோடு ஆர்வமும் போகிறது. நன்றி சொல்லிப் பழகியபின் இரண்டாவது வரியாகப் பிறருக்காகக் கேட்பதையும், மூன்றாவதாகத் தனக்காகக் கேட்பதையும் சேர்க்கலாம். பிறருக்காக ஜெபிக்கப் படங்கள் உதவும்: நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒருவராகத் தாத்தாவையும் பக்கத்து வீட்டு அக்காவையும் பால்காரரையும் பிள்ளையே வரையட்டும். ஒவ்வொரு இரவும் ஒரு பக்கத்தைத் திறந்து அந்த ஒருவருக்காக ஒரு வாக்கியம் போதும்.

5. கதைகளின் வரிசை

எந்தக் கதையை முதலில் சொல்வது என்பதில்தான் பெற்றோர் அதிகம் யோசிப்பதில்லை. படப் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கி ஆதாம், காயீன், ஜலப்பிரளயம், ஈசாக்கைப் பலியிடப் போவது என்று வரிசையாகப் போகிறார்கள். முதல் மாதத்திலேயே மூன்று வயதுப் பிள்ளை கொலையையும் வெள்ளத்தையும் கத்தியையும் சந்தித்துவிடுகிறது. பேழைக்குள் போன மிருகங்கள் அழகாக இருக்கும். ஆனால் உள்ளே போகாதவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கும் பிள்ளைக்கு அந்த வயதில் தாங்கக்கூடிய பதில் இல்லை.

இயேசுவில் தொடங்குங்கள். தேவன் எப்படிப்பட்டவர் என்பதை அவருடைய முகத்தில் கண்டபின், பழைய ஏற்பாட்டின் கடினமான கதைகளைப் பிள்ளை நம்பிக்கையோடு கேட்கும். நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் சிறு பிள்ளைகளை இயேசு அணைத்துக்கொண்டது, மாற்கு 10:13-16. அடுத்து நூறு ஆடுகளில் காணாமற்போன ஒன்று, லூக்கா 15. பின்பு ஒரு பையன் கொடுத்த ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும், யோவான் 6. பின்பு காட்டத்தி மரத்தில் ஏறிய சகேயு, லூக்கா 19. நான்கு வயதுக்குப்பின் கடலில் புயல், மாற்கு 4. இறந்துபோன யவீருவின் மகளை இயேசு எழுப்பியது, மாற்கு 5. பழைய ஏற்பாட்டில் முதல் கதையாகச் சாமுவேலை வையுங்கள். அவனும் படுக்கையில் இருந்தபோதுதான் கர்த்தர் தன்னை அழைக்கும் சத்தத்தைக் கேட்டான் என்பதால் இரவுக் கதையாக அது மிகவும் பொருந்தும்.

கதையைப் படிக்காதீர்கள், சொல்லுங்கள். பகலில் நீங்கள் வேதாகமத்தில் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு, இரவில் வேதாகமத்தை மடியில் திறந்து வைத்தபடி உங்கள் பேச்சில் சொல்லவேண்டும். திறந்த புத்தகம், இது அம்மா கட்டிய கதை அல்ல என்பதைச் சொல்லாமல் சொல்லும். சிறு விவரங்களை விட்டுவிடவேண்டாம். புயலின்போது இயேசு கப்பலின் பின்னணியத்தில், அதாவது பின்பக்கத்தில், தலையணை வைத்துத் தூங்கினார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். அந்தத் தலையணையைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளை தன் தலையணையைத் தொட்டுப் பார்க்கும். யவீருவின் மகளை எழுப்பியபின் அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி இயேசு சொன்னதையும் அப்படியே சொல்லுங்கள். பசியாக இருப்பாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பது பிள்ளைக்கு உடனே புரியும்.

ஒரே கதையை ஒரு வாரம் முழுவதும் சொல்லலாம். பெரியவருக்குச் சலிக்கும்; பிள்ளைக்குச் சலிக்காது. முடிவில், "இதிலிருந்து நாம என்ன கத்துக்கிட்டோம்?" என்று கேட்காமல், "உனக்கு எந்த இடம் பிடிச்சுது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பிள்ளை நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைத் தேடும். இரண்டாவது கேள்விக்குத் தன் மனதில் இருப்பதைச் சொல்லும்.

சிலுவையின் கதையில் மட்டும் ஒரு கண்டிப்பான விதி: மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் ஒரே அமர்வில் சொல்லிவிடவேண்டும். பெரிய வெள்ளிக்கிழமையன்று பாடுகளை மட்டும் விரிவாகக் கேட்ட பிள்ளைக்கு ஞாயிறு வரை காத்திருக்கும் பொறுமை கிடையாது. அந்த இரண்டு இரவுகளும் பயத்தில் போகும். ஆணி, இரத்தம் ஆகியவற்றை விவரிப்பதும் இந்த வயதுக்கு வேண்டாம்.

6. கர்த்தருடைய ஜெபம்

பிள்ளைக்குச் சொந்த ஜெபம் சற்றே பழகியபின், நான்கு வயதை ஒட்டி இதைத் தொடங்கலாம். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தின் வாசகத்துக்கும் ஆராதனை முறைமைகளில் சொல்லப்படும் வாசகத்துக்கும் சிறு வேறுபாடுகள் உண்டு. உங்கள் சபை ஞாயிறன்று எதைச் சொல்லுகிறதோ அதையே வீட்டிலும் சொல்லுங்கள். ஆலயத்தில் எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது தன்னாலும் சொல்ல முடிகிறது என்று பிள்ளை கண்டுகொள்ளும் நாள், அது சபையின் ஓர் அங்கமாகத் தன்னை உணரும் நாள். வாசகம் மாறினால் அந்த மகிழ்ச்சி தடைப்படும்.

பெரியவர்கள் தினமும் முழுவதையும் நிதானமாகச் சொல்லவேண்டும். பிள்ளை ஒரு வரியில் மட்டும் சேர்ந்துகொள்ளவேண்டும். ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு வரி. அந்த வாரத்தில் அந்த வரியின் பொருளைப் பகல் வாழ்க்கையில் ஒரு முறையாவது தொட்டுக் காட்டுங்கள். ஆகாரத்தைப் பற்றிய வரியைச் சாதம் பரிமாறும்போது சொல்லலாம். மன்னிப்பின் வரியை, அண்ணன் தம்பி சண்டை ஓய்ந்து இருவரும் மறுபடி விளையாடத் தொடங்கும் நேரத்தில் நினைவுபடுத்தலாம். சண்டை நடக்கும்போதே சொன்னால் அது தண்டனையாகிவிடும்.

கத்தோலிக்க வீடுகளில் செபமாலை முழுவதற்கும் சிறு பிள்ளையை முழங்காலில் நிறுத்துவதைவிட, அதன் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதியைச் சொல்லும்வரை மட்டும் உடன் வைத்துக்கொண்டு, பின்பு படுக்கவோ விளையாடவோ விட்டுவிடுவது நல்லது.

7. மனப்பாட வசனம்

கதை தெரிந்தபின் அந்தக் கதையோடு வசனம் வந்தால் அது பிள்ளையிடம் தங்கும். புயலின் கதையைக் கேட்ட வாரத்தில், "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்ற சங்கீதம் 56:3. ஆட்டின் கதையைக் கேட்ட வாரத்தில், "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்." அதன் மறுபாதி பின்பு வரட்டும். இன்னும் சிறிய பிள்ளைக்கு, "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்ற 1 யோவான் 4:8 போதும். ஐந்து வயதுக்குமேல், படுக்கும் நேரத்துக்கென்றே அமைந்த சங்கீதம் 4:8-ஐக் கற்றுக்கொடுங்கள்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன், கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்." இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைகள் இதைத் தாங்களாகவே சொல்லிக்கொண்டு தூங்குவதைப் பெற்றோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மாதத்துக்கு ஒரு வசனமே மிகுதி. விருந்தாளி வந்ததும், "மாமாவுக்கு வசனம் சொல்லிக் காட்டு" என்று பிள்ளையை நடு வீட்டில் நிறுத்துவதை அடியோடு விட்டுவிடுங்கள். அங்கே வசனம் கைதட்டலுக்கான வித்தையாகிவிடுகிறது. கூச்சமுள்ள பிள்ளைக்கோ அது அவமானமாகிறது. வசனப் போட்டியில் பரிசு வாங்கிய பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் அதே தீங்கைச் செய்யும்.

8. மன்னிப்புக் கேட்கப் பழக்குவது

இது பெற்றோரிடத்தில்தான் தொடங்குகிறது. நீங்கள் கோபத்தில் கத்திய நாளில், இரவு ஜெபத்துக்கு முன் பிள்ளையிடம் நேராக, "அம்மா சாயங்காலம் கத்திட்டேன், தப்பு, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, ஜெபத்தில் அதையே தேவனிடமும் சொல்லுங்கள். "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று எபேசியர் 6:4 தொடங்குவதை நினைவில் வையுங்கள். பெரியவர் மன்னிப்புக் கேட்பதைக் கண்ட பிள்ளை, ஆறு வயதளவில் தானாகவே கேட்கத் தொடங்கும். அதற்கு முன் கட்டாயப்படுத்தி வாங்கும் அறிக்கை, பொய் சொல்லவே பழக்கும்.

9. ஜெபித்தது நடக்காதபோது

பிள்ளை ஜெபித்தும் தாத்தா இறந்துபோவார், நாய்க்குட்டி பிழைக்காது. அந்த நாளில், "நீ சரியா ஜெபிக்கல" என்றோ, "உன் விசுவாசம் பத்தாது" என்றோ விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்லிவிடாதபடி காத்துக்கொள்ளுங்கள். "தாத்தா நல்லவர், அதனால இயேசப்பா எடுத்துக்கிட்டார்" என்பதும் வேண்டாம். நல்லவர்களாக இருக்கும் அப்பாவையும் அம்மாவையும் அவர் எடுத்துக்கொள்வாரோ என்ற பயம் அங்கிருந்து முளைக்கிறது.

உண்மையைச் சொல்லுங்கள்: தாத்தா இறந்துவிட்டார், நமக்கு அழுகை வருகிறது, ஏன் என்று எனக்கும் தெரியவில்லை, இயேசுவும் தம் சிநேகிதன் லாசரு இறந்தபோது அழுதார். "இயேசு கண்ணீர் விட்டார்" என்ற யோவான் 11:35 அந்த இரவுக்குப் போதுமான வேதபாடம். பிள்ளை கோபமாக இருந்தால் அந்தக் கோபத்தையே ஜெபமாகச் சொல்ல அனுமதியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று சங்கீதக்காரனே கேட்டிருக்கிறான்.

10. ஞாயிறும் பண்டிகைக் காலமும்

சனிக்கிழமை இரவே காணிக்கைக் காசைப் பிள்ளையின் கையில் கொடுத்து, மறுநாள் ஆலயத்தில் காணிக்கைப் பைக்குள் அதுவே போடும்படி வையுங்கள். ஆலயத்தில் முன்வரிசைக்கு அருகே உட்காருவது நல்லது. பின்னால் உட்காரும் பிள்ளைக்குப் பெரியவர்களின் முதுகுதான் தெரியும். பிரசங்க நேரத்தில் நோட்டும் பென்சிலும் கொடுப்பதில் தவறில்லை.

ஆண்டின் காலங்களை வீட்டுக்குள் கொண்டுவருவது எளிது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் வாரம் ஒன்றாக மெழுகுவர்த்தியைக் கூட்டி ஏற்றலாம். குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையை வீட்டில் வைத்து, அந்த வாரம் முழுவதும் அதைக் காட்டிக் கதை சொல்லலாம்.

பக்கத்து வீட்டார் கோவிலுக்குப் போவதையோ, வகுப்பு நண்பன் தொழுகைக்குப் போவதையோ பார்த்துப் பிள்ளை கேள்வி கேட்கும். "அவங்க வீட்ல அப்படி வணங்குறாங்க, நம்ம வீட்ல இயேசப்பாகிட்ட ஜெபிக்கிறோம்" என்று மரியாதையோடு சொல்லுங்கள். வீட்டில் கேட்ட இளக்காரமான வார்த்தையைப் பிள்ளை மறுநாளே பள்ளிக்குக் கொண்டுபோகும். அங்கே ஒரு சிநேகிதன் மனம் புண்படும்.

11. விட்டுப்போன நாட்கள், பொறுப்பைக் கைமாற்றும் நாள்

காய்ச்சல், பிரயாணம், ஊர்த் திருமணம் என்று பத்து நாள் விட்டுப்போகும். விட்டதை ஈடுகட்ட நீண்ட ஜெபம் வைக்கவேண்டாம்; மறுபடியும் இரண்டு நிமிடத்தில் தொடங்குங்கள். பிள்ளை ஒரு பருவத்தில், "எனக்கு ஜெபம் வேணாம்" என்று சொல்லும். அப்போது, "சரி, நீ பக்கத்துல படுத்துக்கோ, அப்பா ஜெபிக்கிறேன்" என்று, பெரியவர் ஜெபிக்கப் பிள்ளை கேட்கும் மூன்றாம் பகுதியின் முறைக்குத் திரும்பிவிடுங்கள். வாதாடவும் வேண்டாம், நிறுத்திவிடவும் வேண்டாம்.

ஆறு, ஏழு வயதில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியதும், வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ, ஜெபத்தை நடத்தும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். எந்தக் கதை, எந்தப் பாட்டு, யாருக்காக ஜெபிப்பது என்பதையெல்லாம் பிள்ளையே தீர்மானிக்கட்டும். மாற்கு சுவிசேஷத்திலிருந்து இரண்டு மூன்று வசனங்களை அது விரல் வைத்து வாசிக்கட்டும். திக்கினால் எடுத்துக்கொடுங்கள், உச்சரிப்பைத் திருத்தவேண்டாம். அன்றைக்குப் பாட்டி முதல் எல்லாரும் பாயில் உட்கார்ந்து, பிள்ளை முடித்ததும் "ஆமென்" சொல்லவேண்டும்.